மேலே ஒரு வரி

கம்பம்மெட்டில் ஒரு பிள்ளை பன்னிரண்டாவது முடித்துவிட்டால், அது எந்தக் காலேஜுக்குப் போகும் என்பதைக் கடவுளுக்கு முந்திக்கொண்டு கௌலத் சொல்லிவிடுவாள். அப்படித்தான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் தமிழ்நாடு. இரண்டு பக்கத்திலிருந்தும் மார்க்கையும் ரேங்க்கையும் தூக்கிக்கொண்டு அவள் கடைக்குத்தான் வருவார்கள். சாமி கும்பிடுகிறவர்கள் கும்பிட்டுவிட்டு வருவார்கள், ஓதுகிறவர்கள் ஓதிவிட்டு வருவார்கள். தீர்ப்பு மட்டும் அவளுடையது.

நான் எதிரே தையல் கடை வைத்திருப்பவன். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தவன் என்பதால், யார் எந்த வகுப்பு என்பது அளவெடுக்கிற டேப் வழியாகவே எனக்குத் தெரியும். மழை பெய்தால் என் கடை ஒழுகும். அப்போதெல்லாம் நான் நிற்பது கௌலத்தின் கடையில்தான். அதனால் நான் சொல்வது பெரும்பாலும் கேள்விப்பட்டதல்ல, பார்த்தது.

அது ஒரே கட்டடம், இரண்டு பாதி. இடது பாதியில் அவள் கணவர் முஸ்தபா பாய் ஏலக்காய் வாங்குவார். வலது பாதியில் கௌலத் ஜெராக்ஸ் மெஷினும் இரண்டு கம்ப்யூட்டரும் வைத்திருந்தாள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். அவள் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் காகிதம் எதுவானாலும் ஏலக்காய் மணக்கும்.

கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன்னால் அவளும் பல வருடம் இடது பாதியில்தான் உட்கார்ந்திருந்தாள். சரக்கு பார்ப்பதில் முஸ்தபா பாயைவிட அவள் கெட்டிக்காரி. ஏல வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டக்காரன் சாக்கைப் பிரித்ததும் வாங்குகிறவர் ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, ஊதிப் பார்த்து, முதல் வார்த்தையாகக் குறைதான் சொல்வார். "பச்ச கம்மியா இருக்கே", "காய் சிறுத்துருக்கே", "வெடிச்ச காய் நெறைய கெடக்கே." சரக்கு தங்கமாக இருந்தாலும் இதைத்தான் சொல்ல வேண்டும். நல்ல சரக்கு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் வியாபாரம் கெட்டது. இது விற்கிறவனுக்கும் தெரியும். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், சிரித்துக்கொண்டே விலையில் மேலே ஏறுவான். கீழே இருந்து இவர், மேலே இருந்து அவன், நடுவில் ஓரிடத்தில் விலை படியும்.

கௌலத் பிள்ளைகளின் மார்க்கையும் அந்தக் கண்ணாலேயே பார்த்தாள். காயைச் சல்லடையில் சலித்து எட்டு எம்எம் முதல் தரம், ஏழு எம்எம் அடுத்தது என்று பிரிப்பார்கள் அல்லவா, அதே கணக்கு. "ஒன் மவன் ஆறு எம்எம். பாலிடெக்னிக் போதும்." "இவ ஏழு. நர்சிங் கெடைக்கும்." எட்டு என்று அவள் வாயால் யாரும் கேட்டதில்லை. கேட்கிறவர்களும் சிரித்துக்கொண்டு போவார்கள். சொன்னபடிதான் பெரும்பாலும் நடந்தது. குறைத்துச் சொல்கிறவள் சொன்னது நடப்பதில் என்ன அதிசயம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவளைக் கெட்ட எண்ணக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவள் மூத்த மகன் கனி டாக்டருக்குப் பரீட்சை எழுதிய வருடம், கோச்சிங் சென்டரில் நாட்டிலேயே பெரிய காலேஜ் அவனுக்குத்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். கௌலத் ரிசல்ட்டுக்கு முன்னாலேயே பஜார் முழுக்க லட்டு கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். அந்தப் பையனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதன்பிறகு அவன் பஸ் ஏறப் பஜார் வழியாக வரவே இல்லை, தோட்டத்துக்குள் புகுந்து வளைவு ரோட்டில் போய் ஏறுவான். கடைசியில் ஷார்ஜாவில் ஒரு மொபைல் கடைக்குப் போய்ச் சேர்ந்தான். "எம்புள்ள பட்டது இந்த ஊர்ல இன்னொரு புள்ள படக் கூடாது" என்று சொல்லித்தான் கௌலத் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். போன வருடம் எந்தக் காலேஜில் எந்த ரேங்க் வரை எடுத்தார்கள் என்பதையெல்லாம் தானே தேடிப் படித்தாள். ஆசை காட்டி மோசம் செய்வது பாவம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆசையே காட்டாமலும் மோசம் செய்யலாம் என்பது தெரியாது.

ஆர்த்தி வந்தது போன வருடம் ஜூன் மாதம், நல்ல மழையில். ஜங்ஷனுக்குக் கீழே ஏலத்தோட்டத்தில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீட்டில் இருக்கும் சுருளிவேல், வேலுத்தாய் இருவரின் ஒரே மகள். இரண்டு பேரும் அதே தோட்டத்தில் வேலை. பிள்ளை கம்பத்தில் சித்தி வீட்டில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். எங்கள் ஊரில் இது சாதாரணம். ரேஷன் கார்டு இந்தப் பக்கம் இருக்கும், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் இருக்கும், பெண் எடுப்பதும் கொடுப்பதும் அந்தப் பக்கம், வேலை இந்தப் பக்கம். ஓட்டு எந்தப் பக்கம் என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள்.

கடையில் கூட்டம். மழைக்கு ஒதுங்கியவர்கள், கரண்ட் பில் கட்ட வந்தவர்கள், நான். சுருளிவேல் தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை வாசலில் உதறிவிட்டு மகளை முன்னால் தள்ளினார்.

"அக்கா, பாப்பா பெரிய பரீட்ச எழுதியிருந்துச்சு. இஞ்சினியருக்கு. ரேங்க் வந்துருச்சாம். நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"சொல்லு தாயி, எவ்வளவு?"

ஆர்த்தி சொன்னாள். கௌலத்தின் விரல் மௌஸின் மேல் ஒரு கணம் நின்றது. லயத்திலிருந்து அந்த மாதிரி ரேங்க் அந்தக் கடைக்கு வந்ததே இல்லை. லயம் என்ன, பஜாரிலிருந்தும் வந்ததில்லை. அன்று சாயங்காலம் முஸ்தபா பாயிடம் அவள், "சுருளி மக சாதாரணப்பட்டவ இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்த நேரத்தில் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அள்ளிய கையில் தங்கமான காய் இருந்தால் வியாபாரியின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"பரவால்ல," என்றாள். "ஏழு எம்எம். வீடு லயத்துலதான சுருளி? கார்டு?"

"எல்லாம் இங்கிட்டுதாங்கக்கா."

"அப்ப கோழிக்கோடு. அது இந்த ஸ்டேட்டுல இருக்கிற சென்ட்ரல் காலேஜு, உள்ளூர்ப் புள்ளைகளுக்குன்னு பாதி எடம் வச்சிருப்பான். சிவில் கெடைக்கும். அதுக்குக் கீழ இன்னும் நாலஞ்சு போட்டு வைக்கிறேன்."

ஆர்த்தி திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "அத்த, திருச்சிய மேல போட்டுப் பாக்கலாமா? ஒரு வரிதான். கெடைக்கலன்னா கீழ இருக்கிறதுக்கு அதுவாப் போயிரும்னு எங்க மிஸ் சொன்னாங்க."

மிஸ் சொன்னது சரி. அப்படி எழுதுவதால் காலணா நட்டம் கிடையாது. ஆனால் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது, கௌலத்துக்குக் கூட்டம் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

"திருச்சியா? மலைக்கோட்டையப் பாக்கணும்னா கம்பத்துல இருந்து பஸ்ஸு இருக்கு தாயி. காலேஜுக்குள்ள போவணும்னா இந்த ரேங்க் பத்தாது. வெளி ஸ்டேட்டுப் புள்ளைக்கு அங்க எடம் குதிரக்கொம்பு. விரலுக்கேத்த வீக்கம் வேணும்."

நாங்கள் சிரித்தோம். நகைச்சுவை என்னவோ சுமார்தான், மழைக்கு நின்றவர்களுக்கு அது போதும். எல்லோரையும்விட நீளமாகச் சிரித்தது சுருளிவேல். மகள் தகுதிக்கு மீறி ஏதோ கேட்டுவிட்டாள், அதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள், சிரித்துவிட்டால் ஒன்றும் இல்லாமல் போய்விடும் என்று சிரித்த சிரிப்பு அது. "சின்னப்புள்ள, தெரியாமக் கேக்குது" என்றார்.

ஆர்த்தி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சரி அத்த" என்றாள். கௌலத் பட்டனை அழுத்தி முடித்துவிட்டாள். இனி அந்த வரிசையில் மேலேயும் கீழேயும் எதுவும் சேர்க்க முடியாது.

முதல் சுற்று வந்தது. ஆர்த்திக்கு எதுவும் இல்லை. "அடுத்த சுத்துல வரும் சுருளி, போன வருசம் அப்பிடித்தான் வந்துச்சு" என்றாள் கௌலத். அடுத்ததிலும் வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. கோழிக்கோடு ஏன் நழுவுகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. இந்த வருடம் கூட்டம் அதிகம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். சுருளிவேல்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னார். "நீங்க என்னக்கா பண்ணுவீங்க. நமக்குக் குடுப்பினை இல்ல."

வழக்கமான சுற்றெல்லாம் முடிந்த பிறகு ஒரு முற்பகலில், மொபைல் கடை நஜீமின் மகள் ரஸியா கையில் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். அவர்கள் வீடு கௌலத்தின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அவளும் அதே பரீட்சை எழுதியவள், ஆனால் அவளுக்குக் காலேஜ் வரிசை எழுதிக் கொடுத்தது மதுரையில் இருக்கும் தாய்மாமா. கௌலத்துக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

"மாமி, ஒரு பிரிண்ட் எடுக்கணும். திருச்சியில கெடச்சிருச்சு."

கௌலத் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ரேங்க்கைப் பார்த்தாள். ஆர்த்தியின் ரேங்க்குக்கு நன்றாகப் பின்னால். இடஒதுக்கீட்டுப் பிரிவும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

"ஒனக்கு எப்பிடிடி திருச்சி குடுத்தான்? நீ கேரளாக்காரிதான?"

ரஸியா அதைப் பெரிய விஷயமாக நினைக்காமல் சொன்னாள். "வீடு எங்கன்னு பாக்க மாட்டாங்க மாமி. பன்னெண்டாவது எங்க பாஸ் பண்ணோமோ அதான் கணக்கு. நான் உத்தமபாளையத்துல படிச்சேன்ல, அதனால தமிழ்நாட்டுப் புள்ள. திருச்சியிலதான் எனக்கு உள்ளூர் எடம். கோழிக்கோட்டுக்குத்தான் நான் வெளியாளு."

அந்த இடத்தில் கௌலத்துக்கு என்ன ஆனது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வெளியிலிருந்து பார்த்தபோது, அவள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள், இனிப்பை வாங்கி மேசையில் வைத்தாள், ரஸியாவின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள். அவ்வளவுதான் தெரிந்தது. ரஸியா போனதும், நல்ல வெளிச்சத்தில், பஜார் ஜேஜே என்று இருக்கும்போது அவள் ஷட்டரை இழுத்துவிட்டாள். கனிக்கு ரிசல்ட் வந்த நாளில்கூட அவள் கடையை மூடியதில்லை.

உள்ளே போய் ஆர்த்தியின் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். மேல் ஓரத்தில் தமிழ்நாடு என்று இருந்தது. கோழிக்கோட்டுக்கு மட்டுமில்லை, அதற்குக் கீழே போட்ட எல்லாவற்றுக்கும் ஆர்த்தி வெளியாள்தான். அன்றைக்கும் அது அங்கேதான் இருந்தது. கம்பத்துப் பள்ளிக்கூடத்தின் முகவரி என்று நினைத்து அவள் தாண்டிப் போயிருந்தாள். இத்தனை வருடத்தில் யாருக்கும் அந்த வரி தேவைப்படவில்லை, ஏனென்றால் அந்த உயரத்துக்கு யாரும் வந்ததில்லை. வந்த ஒருத்தியையும் அவள் மலைக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

முஸ்தபா பாய் பலகைத் தடுப்பின் மேலாக எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். வியாபாரி அல்லவா, யோசித்துவிட்டுச் சொன்னார். "சுருளிக்கு இதெல்லாம் வெளங்காது. குடுப்பினைன்னு சொல்லிட்டான்ல. அப்பிடியே விட்டுரு."

"வெளங்காதுங்கறதுதாங்க அசிங்கமா இருக்கு," என்றாள் கௌலத்.

பாய் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் பிறகு என்னிடம் சொன்னது: "தப்பாச் சொன்னதுக்குக்கூட அவ அழுகல மாஸ்டர். தப்பு எல்லாருக்கும் வரும். அந்தப் புள்ளைய எல்லாரு முன்னாடியும் சிரிச்சு அனுப்பிச்சேனேன்னுதான் அழுதா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் லயத்துக்குப் போனாள். இத்தனை வருடமாக லயம்தான் அவளிடம் வந்திருக்கிறது. அவள் அங்கே போனது அதுதான் முதல் தடவை. வழி கேட்டுப் போக வேண்டியிருந்ததே அவளுக்குக் கூச்சமாக இருந்ததாம்.

வேலுத்தாய் பதறிப்போனாள். இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். சுருளிவேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ஆர்த்தி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எதுக்கு பாயம்மா இம்புட்டுத் தூரம்," என்றாள் வேலுத்தாய். "நாங்களே வரணும்னு இருந்தோம். நீங்க அன்னிக்கே பட்டுன்னு சொன்னது நல்லதாப் போச்சு. இல்லன்னா நாங்க திருச்சி திருச்சின்னு ஆசைய வளத்துக்கிட்டு, இப்ப எல்லாரு முன்னாடியும் நின்னு முழிச்சிருப்போம்."

கௌலத் சாயா டம்ளரைக் கீழே வைத்தாள். நன்றி சொல்கிறவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், இருந்ததை இருந்தபடி சொல்லிவிட்டாள். இந்தப் பிள்ளைக்குத் திருச்சி கிடைத்திருக்கும் என்றாள். பின்னால் நின்ற பிள்ளைக்கே கிடைத்துவிட்டது என்றாள். வீட்டைக் கேட்டேன், பள்ளிக்கூடத்தைக் கேட்கவில்லை என்றாள். அது தெரியாவிட்டாலும் இவள் கேட்ட ஒரு வரியை மேலே எழுதியிருந்தால் தானாகவே கிடைத்திருக்கும், அதையும் நான் எழுதவில்லை என்றாள்.

வேலுத்தாய்க்குப் புரிய நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் முகம் மாறியது. "அப்ப எம்புள்ள கேட்டது சரியா?" என்றாள்.

"சரிதான்."

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்கன்னு இவரு வந்து சொன்னாரே."

வேலுத்தாய் எழுந்து அடுப்படிக்குள் போனவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப மாதம் அவள் கௌலத்தின் கடை இருக்கும் பக்கமாக நடக்கவில்லை, எதிர்ப்பக்கம் என் கடையை ஒட்டி நடந்தாள். அதில் எனக்கு எந்தக் குறையும் சொல்லத் தோன்றவில்லை.

ஆர்த்திதான் பேசினாள். "எனக்குத் தெரியும் அத்த."

"என்ன தெரியும்?"

"ரெண்டாவது சுத்து முடிஞ்சப்பவே தெரியும். எங்க மிஸ்ஸுகிட்டக் கேட்டேன். அவங்க சொன்னாங்க."

"தெரிஞ்சா ஏன் தாயி எங்கிட்ட வந்து சண்ட போடல? ஒங்கப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

ஆர்த்தி வாசல்படியிலிருந்து எழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "இனி அந்த வரிசையில எதையும் சேக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அப்பறம் அப்பாகிட்ட என்னன்னு சொல்ல? நான் கேட்டப்ப அப்பாவே சிரிச்சிட்டாருல்ல."

சுருளிவேல் இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். வேர்வை ஒன்றும் இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தார்.

மிச்ச இடங்களுக்கு நடக்கும் கடைசிச் சுற்றையும் கௌலத் உட்கார்ந்து பார்த்தாள், இந்தத் தடவை ஆர்த்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. திருச்சியில் அவளுக்கான இடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கம்பத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தமிழ்நாட்டுக் கவுன்சலிங்குக்கும் சேர்த்துப் போட்டுவிட்டிருந்தார்கள், அது தப்பித்தது. ஆர்த்தி போடியில் அரசாங்க இஞ்சினியரிங் காலேஜில் சேர்ந்தாள். நல்ல காலேஜ்தான். போடி நல்ல ஊர்தான். ஆனால் கேட்டது கிடைக்காமல் போவது வேறு, கேட்கவிடாமல் போவது வேறு. அவளுக்கு சுடிதார் தைக்க அளவெடுத்தபோது நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கை நீளம் முக்காலா முழுசா என்று மட்டும் கேட்டேன்.

விஷயம் பஜாரில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு முஸ்தபா பாய் சொன்னதால் தெரியும், பாய் சொன்னதை நான் யாருக்கும் சொல்லவில்லை. சுருளிவேலும் சொல்லவில்லை. கேட்கிறவர்களிடம், "ரேங்க் பத்தல, அக்கா அப்பவே சொன்னாங்க" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார். கௌலத்தின் பேர் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தாரா, தன் சிரிப்பு வெளியே வந்துவிடக் கூடாது என்று நினைத்தாரா, அவருக்கே தெரியுமோ என்னவோ. அது கௌலத்தின் காதில் விழும்போதெல்லாம் அவள் காது சிவந்துபோகும். அடித்திருந்தால் வலித்துவிட்டுப் போயிருக்கும். அவர் காப்பாற்றிக்கொண்டே இருந்தார்.

அந்த வருடம் முழுக்க அவள் யாரையும் எம்எம் கணக்கில் சொல்லவில்லை. ஆட்கள் கேட்டால், "எனக்குத் தெரிஞ்சது இம்புட்டு, ஸ்கூல்லயும் கேட்டுக்கங்க" என்றாள். அக்காவுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. அடக்கம் என்று பேர் வைத்துவிட்டோம்.

இந்த வருடம் ஜூனில் மறுபடி மழை, மறுபடி கூட்டம், மறுபடி என் கடை ஒழுகல். சுருளிவேல் தன் தங்கை மகள் கிருத்திகாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். நெடுங்கண்டத்தில் படித்த பிள்ளை. அதே பரீட்சை.

"அக்கா, நீங்கதான் பாத்துச் சொல்லணும்," என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அக்கா சொன்னா தப்பாதுப்பா. எங்க பாப்பாவுக்குச் சொன்னாங்க, அப்பிடியே நடந்துச்சு" என்றார்.

கௌலத் மௌஸிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்று பேசி நான் பார்த்ததில்லை.

"பொய்யி," என்றாள். "சுருளி எனக்காகப் பொய் சொல்றாரு. ஆர்த்திக்குத் திருச்சியில எடம் கெடச்சிருக்கும். அந்தப் புள்ள கேட்டுச்சு, மேல ஒரு வரி போடுங்கன்னு கேட்டுச்சு. இதே எடத்துல நின்னு கேட்டுச்சு. எனக்கு வெவரம் தெரியல. தெரியாதுன்னு சொல்லாம நையாண்டி பண்ணேன். நீங்கள்லாம் சிரிச்சீங்க. எனக்கு அது நல்லாயிருந்துச்சு. அதனாலதான் அந்தப் புள்ள இன்னிக்கு அங்க இல்ல."

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் முஸ்தபா பாய் சலிப்பதை நிறுத்திவிட்டார். யாரோ ஒருவர், "விடுங்கக்கா, ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார்.

"சறுக்குனது ஆனை. நசுங்குனது யாரு?" என்றாள் கௌலத். சொன்னவர் குடையை விரித்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டார்.

நான் சுருளிவேலைப் பார்த்தேன். அவர் உதடு பழைய சிரிப்புக்கு ஆயத்தமானது. எதையும் ஒன்றும் இல்லாமல் ஆக்கிவிடும் அந்தச் சிரிப்பு. பாதியில் நின்றுவிட்டது. அவர் கிருத்திகாவின் தோளில் கை வைத்து முன்னால் நகர்த்தினார்.

"கேளு தாயி," என்றார். "ஒனக்கு என்ன வேணுமோ வாயத் தொறந்து கேளு. மாமா இருக்கேன்."

கௌலத் உட்கார்ந்தாள். "பன்னெண்டாவது எங்க பாஸ் பண்ண?"

"நெடுங்கண்டத்துலங்க அத்த."

"அப்ப நீ கேரளா. கோழிக்கோட்டுல ஒனக்கு உள்ளூர் எடம். ஒன் ரேங்க்குக்கு அங்கயே இழுபறிதான், மத்ததெல்லாம் இன்னும் கஷ்டம். இருக்கிறதச் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு, மேல என்ன போட?"

கிருத்திகா மாமாவைப் பார்த்தாள். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஆர்த்தி அக்காவிடம் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

"திருச்சி," என்றாள்.

கௌலத் தட்டினாள். திருச்சி மேலே ஏறி உட்கார்ந்தது. அந்த ரேங்க்குக்கு அது கிடைக்காது என்பது அவளுக்கும் தெரியும், கிருத்திகாவுக்கும் தெரியும், இப்போது எங்களுக்கும் தெரியும். கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. போன வருடமே அப்படி வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.